செலின் நசுக்கிய கடல்பாசி

செலினைப் பெண் பார்க்க வந்த முதல் குடும்பம் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனது. மாப்பிள்ளையின் அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார், "பொண்ணு எங்க வேலை பாக்குது, என்ன வேலை?" என்று. செலினுக்குப் பொய் வராது.

"எஸ்டேட்ல, கண்டென்சர் கம்பெனியில. கடல்பாசியில ஜெல்லி செஞ்சு, அதைக் கரண்ட்டால நசுக்குவேன்."

"நசுக்கி?"

"நசுங்கினதை வெட்டிப் பாப்பேன்."

சமையலறையிலிருந்து ஓடி வந்த அம்மா ஞானம்மாள், "ஆராய்ச்சிங்க, ஆராய்ச்சி" என்று சொல்லிப் பார்த்தார். அவர்கள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டைத் தாண்டும்போது மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக யாரிடமோ, "நல்ல பொண்ணு, பாவம்" என்றது கள்ளிக்குப்பம் தெரு முழுக்கக் கேட்டது.

இது எழுபத்து மூன்றாம் வருடம். செலினின் அப்பா ஆவடியில் ஃபிட்டராக இருந்தவர். அவள் கல்லூரியில் படிக்கும்போதே இறந்துபோனார். பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடித்ததும் எஸ்டேட் என்று ஊர் சொல்லும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே செய்து முடித்த கண்டென்சர்களைச் சோதித்துப் பார்ப்பதுதான் முதலில் அவள் வேலை. மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் வெளியே விடும் தகர டப்பாக்கள் அவை. நாள் முழுக்க டப்பாவைக் கையால் தொடாமல் கம்பியால் தொட்டுக்கொண்டிருப்பது அவளுக்கு அலுத்துப்போன சமயத்தில்தான் உலகநாதன் அவளைப் பின்பக்கக் கொட்டகைக்குக் கூப்பிட்டார்.

உலகநாதன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். அவரைக் கம்பெனி முதலாளி வேலைக்கு வைத்தது ஒரே ஒரு காரியத்துக்காக. சுத்தியால் தட்டாமல், நெருப்பு வைக்காமல், ஒரு மின்சார உதையால் அலுமினியக் குழாயைக் கம்பியின்மேல் இறுக்க முடியுமா என்று முதலாளிக்குத் தெரிய வேண்டும். உலகநாதன் அதைச் சீக்கிரமே செய்து முடித்துவிட்டார். முதலாளியிடம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருப்பதாகச் சொல்லிவிட்டு, மிச்ச நேரத்தில் தனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டிருந்தார்.

"பெரிய நாடுங்கள்ல இதையே மலை மாதிரி செய்யறாங்க, செலின்" என்றார் முதல் நாள். "ஒரு பொருளை எல்லாப் பக்கத்துலேர்ந்தும் ஒரே நேரத்துல உள்நோக்கி நசுக்கினா, நடுவுல சூரியன் மாதிரி சூடு வரும்னு. ஆனா எல்லாருக்கும் ஒரே தொல்லை. நசுக்க நசுக்க ஓரம் நெளியுது. நெளிஞ்சது வளருது. வெளியில இருக்கறது உள்ள புகுந்து, உள்ள இருக்கறதோட கலந்துடுது. சூடு போயிடுது. அது ஏன் ஒழுங்கா நசுங்க மாட்டேங்குது? எப்படிக் கலக்குது? அதை நாம பாப்போம்."

"இந்தக் கொட்டகையிலயா சார்?"

"கொட்டகைக்கு என்ன கொறச்சல்?"

கொட்டகைக்குக் கூரை ஆஸ்பெஸ்டாஸ், தரை சிமெண்டு, மூலையில் ஒரு மண்பானை. சுவரோரம் விற்க லாயக்கில்லாத கண்டென்சர்கள் அலமாரிபோல அடுக்கப்பட்டிருந்தன. நடுவில் கட்டைவிரல் தடிமனான செப்புக் கம்பியைச் சுருட்டிய ஒரு காயில். காயிலுக்குள் அலுமினியக் குழாயை வைத்து, சேர்த்துவைத்த மின்சாரம் மொத்தத்தையும் ஒரே அடியாகக் காயிலில் விட்டால், கண்மூடித் திறப்பதற்குள் குழாய் இடுப்பு சிறுத்துப்போகும். அதற்கு முன்னால் பெரிய வெடிச்சத்தம் ஒன்று கேட்கும்.

அந்த வெடியை வெடிக்கும் உரிமை துலுக்கானத்துடையது. திருவேற்காட்டிலிருந்து சைக்கிளில் வருகிற நடுத்தர வயதுக்காரர். கொட்டகையின் எலக்ட்ரீஷியன், காவல்காரர், பூசாரி எல்லாம் அவரே. கூரையில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் தட்டி, "ஓரம் போ! ஓரம் போ! தொட்டா ஆளு காலி!" என்று கத்துவார். கொட்டகையில் இருப்பது அவரையும் சேர்த்து மூன்றே பேர். மூவரும் ஏற்கெனவே மணல்மூட்டைக்குப் பின்னால்தான் இருப்பார்கள். இருந்தாலும் கத்துவார். வெடித்ததும், நீள மூங்கிலில் கட்டிய செப்புக் கொக்கியால் ஒவ்வொரு டப்பாவையும் தொட்டு, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தைத் தரையில் இறக்குவார். அந்த மூங்கிலை உலகநாதன்கூடத் தொட முடியாது.

ஒவ்வொரு வெடிக்கும் மண்ணூர்பேட்டை டீக்கடை ரேடியோ 'டர்ர்ர்' என்று கிழிந்தது. பாட்டு நடுவில் அறுந்தால் கடையில் இருப்பவர்கள் கொட்டகைப் பக்கம் திரும்பித் திட்டுவார்கள். துலுக்கானம் அதைத் தனக்குக் கிடைக்கும் மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

குழாய் நசுங்குவதைப் பார்த்தாகிவிட்டது. உள்ளே இருக்கும் பொருள்கள் எப்படிக் கலக்கின்றன என்று பார்க்க வேண்டுமானால், உள்ளே எதையாவது வைக்க வேண்டுமே. தண்ணீர் வைத்தால் ஓடிவிடும். அப்புறம் எதை வெட்டிப் பார்ப்பது? வெடிக்கும்போது தண்ணீர்போல நடந்துகொண்டு, வெடித்த பிறகு நின்ற இடத்தில் நிற்கிற பொருள் வேண்டும். உலகநாதன் பாரிமுனையிலிருந்து ஜெலட்டின் வாங்கிவந்தார். அது சித்திரை மாதம். மத்தியானத்துக்குள் ஜெலட்டின் ரசமாகிவிட்டது.

செலினுக்கு ஈஸ்டர் விருந்து ஞாபகம் வந்தது. அம்மா செய்யும் கடல்பாசி இனிப்பு எந்த வெயிலிலும் அசையாது. மறுநாள் சைக்கிள் கேரியரில் தூக்குவாளி கட்டிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து ஆராய்ச்சி நிலைத்தது.

அவள் செய்த முறை இது. பித்தளைக் குழாய் ஒன்றை அச்சாக வைத்து, நடுவில் ஒரு கம்பி நட்டு, வெள்ளைக் கடல்பாசியை ஊற்றி ஆறவைப்பாள். எடுத்தால் நடுவில் ஓட்டையுள்ள வெள்ளை வளையம். அதை அலுமினியக் குழாய்க்குள் நிறுத்தி, சுற்றியுள்ள இடைவெளியில் சிவப்புக் கடல்பாசியை ஊற்றுவாள். சிவப்பு வடைக்குள் வெள்ளை வடை. வெள்ளையில் மட்டும் சர்க்கரை நிறையப் போட்டுக் கனமாக்குவாள். கனமானதை லேசானது வேகமாகத் தள்ளும்போதுதான் ஓரம் நெளிந்து குழம்பும் என்பது கணக்கு. காயில் வெடித்ததும் குழாய் சுருங்கும். இரண்டு வளையங்களும் நடு ஓட்டையை நிரப்பப் பாயும். பிறகு குழாயை அறுத்து, ஜெல்லியை நூலால் வெட்டி, சிவப்பு வெள்ளைக்குள் எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"ரேஷன் சர்க்கரை பூரா வெடிக்குப் போவுது" என்று ஞானம்மாள் புலம்பினார். புலம்பிக்கொண்டே கிளறிக் கொடுத்தார். கொட்டகையில் எறும்புகள் வரிசை கட்டின. வெடிக்காமல் மிஞ்சிய வளையங்களைத் துலுக்கானம் தின்றார். எறும்புகளிடமிருந்து ஆராய்ச்சியைக் காப்பாற்றுவதாக அதற்குப் பெயர்.

முதலில் வெடித்ததை வெட்டியபோது மூவரும் குனிந்து பார்த்தார்கள். வட்டமாக இருக்க வேண்டிய எல்லையிலிருந்து சிவப்பு விரல்கள் மூன்று, சம இடைவெளியில், வெள்ளையைத் துளைத்துக்கொண்டு மையத்தை நோக்கி நீண்டிருந்தன. அடுத்ததிலும் மூன்று. அதற்கடுத்ததிலும் மூன்று. மின்சாரத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், சர்க்கரையை மாற்றினார்கள். விரல் நீண்டது, குட்டையானது. எண்ணிக்கை மட்டும் மாறவேயில்லை.

உலகநாதனுக்குத் தூக்கம் போய்விட்டது. "இது இயற்கையோட விதி செலின்! உள்நோக்கிச் சுருங்கற எதுவும் மூணாத்தான் உடையும். உலகத்துல ஒருத்தனும் இதைப் பாக்கலை!"

துலுக்கானம் வெட்டுத் துண்டைச் சாய்த்துப் பார்த்தார். "இதுல ஆராய இன்னா கீது சார்? அம்மனோட சூலம். எங்க ஊரு ஆத்தா வந்து காட்டிகினு கீறா."

வீட்டில் செலின் சொன்னதும் ஞானம்மாள் கரண்டியை வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். "பிதா, சுதன், பரிசுத்த ஆவி. ஜெல்லியிலயே தெரியுதா?" அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் திரித்துவத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நடுவில் பெயர் சொல்லாமல், "நம் பங்கைச் சேர்ந்த ஒரு மகள்" என்றார். பெண்கள் பக்கமிருந்த அத்தனை தலைகளும் திரும்பின. செலின் ஜெபப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதும் உண்மை.

கிண்டிப் பக்கம் விஞ்ஞானிகள் கூடும் ஒரு கூட்டத்தில் பேச உலகநாதன் இடம் வாங்கினார். தலைப்பு அச்சாகிவிட்டது: 'சுருங்கும் வளையங்களில் மூன்றின் விதி.'

கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் துலுக்கானம் பித்தளை அச்சைக் கீழே போட்டு நெளித்துவிட்டார். புது அச்சு செய்ய, செலின் எஸ்டேட் ஓரத்திலிருந்த பரந்தாமன் லேத்துப் பட்டறைக்குப் போனாள். பழைய அச்சையும் அவர்தான் கடைந்து கொடுத்திருந்தார், துலுக்கானம் போய் வாங்கிவந்தார். செலின் பட்டறைக்குள் வருவது இதுதான் முதல் தடவை.

பரந்தாமன் மெல்லிய பித்தளைக் குழாயை லேத்தின் வாயான சக்கில் மாட்டி, சாவியைத் திருகி இறுக்கினார். உள்ளே கத்தி ஓடியது. பித்தளைச் சுருள் பொன்னாக உதிர்ந்தது. கடைந்து முடித்ததும், "தங்கம் மாதிரி ரவுண்டு பாரும்மா!" என்று பெருமையாகச் சாவியைத் தளர்த்தினார்.

செலின் குழாயைப் பார்க்கவில்லை. குழாயைப் பிடித்திருந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் எஃகுத் தாடைகள் மூன்று இருந்தன. சம இடைவெளியில்.

"அண்ணே, ரொம்ப இறுக்கிப் புடிப்பீங்களா?"

"இறுக்கலன்னா பைப்பு பறந்து பூடும். மூஞ்சி பேந்துடும்."

மெல்லிய குழாய். மூன்று இடத்தில் அழுத்தினால் அங்கே துளி உள்ளே போகும். அழுத்திய நிலையில் உள்ளே வட்டமாகக் கடைகிறோம். விட்டதும் குழாய் தன் பழைய வடிவத்துக்குத் திமிறித் திரும்பும்; கடைந்த வட்டம் மூன்று இடத்தில் துளி வெளியே பிதுங்கும். கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியாது. ஜெல்லிக்குத் தெரியும்.

செலின் பட்டறை வாசலிலேயே ஒரு எண்ணெய் டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். பரந்தாமன் பயந்துபோய்ச் சோடா வரவழைத்தார்.

சோடாவைக் குடித்துவிட்டு அவள் கேட்டாள்: "நாலு தாடை வெச்ச சக்கு இருக்குதா அண்ணே?"

"கீது. அதுல மாட்டி சென்டர் புடிக்கறதுக்குள்ள என் தாவு தீந்துடும். இதுக்கு இன்னா கொற? ரவுண்டு இல்லியா?"

"ரவுண்டுதான் அண்ணே. நாலுல ஒண்ணு செஞ்சு குடுங்க."

பரந்தாமன் முணுமுணுத்துக்கொண்டே செய்து கொடுத்தார். தன் வேலையில் ஒரு பொம்பளைப் பிள்ளை குறை கண்டுவிட்டது என்று அந்த வாரம் முழுக்க டீக்கடையில் வருத்தப்பட்டாராம்.

உலகநாதன் ஊருக்குள் போயிருந்தார், கூட்டத்தில் காட்டப் படங்கள் தயார் செய்ய. செலினும் துலுக்கானமும் மட்டும் புது அச்சில் வளையம் வார்த்து, வெடித்தார்கள். செலின் நூலால் வெட்டினாள். வெட்டும்போது மூன்றாக இருக்கட்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். விஞ்ஞானம் படித்தவள் வேண்டக் கூடாத வேண்டுதல், மாதாவும் கண்டுகொள்ளவில்லை.

துலுக்கானம் எண்ணினார். மறுபடி எண்ணினார். "இன்னாம்மா இது, சூலத்துக்கு ஒரு முள்ளு ஜாஸ்தியா கீது?"

நான்கு விரல்கள். அழகாக, சிலுவைபோல.

உலகநாதன் படங்களோடு வந்தார். செலின் வெட்டுத் துண்டை அவர் முன் வைத்தாள். பிறகு லேத்தின் தாடைகளைப் பற்றிச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "இன்னொண்ணு வெடி" என்றார். நான்கு. "பழைய மாதிரி, மூணு தாடையில கடைஞ்சது?" அன்று பட்டறையில் செலின் கண்ணெதிரே பரந்தாமன் மூன்று தாடையில் கடைந்த அச்சு இருந்தது; அதில் வார்த்ததையும் வெடித்தார்கள். மூன்று.

உலகநாதன் எழுந்து வெளியே போனார். எஸ்டேட் சாலையில் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. துலுக்கானம் கவலையோடு, "சாரு லாரி வர்ற ரோட்ல நடக்குறாரே" என்று பின்னாலேயே போனார். இருவரும் திரும்பி வந்தபோது உலகநாதன் கையில் எண்ணெய் வடியும் பொட்டலம் இருந்தது. வாழைக்காய் பஜ்ஜி.

"சாப்பிடு" என்றார். "நாம கண்டுபிடிச்சது பரந்தாமனோட லேத்தை. ஒன்றரை வருஷமா." பஜ்ஜியை மென்றபடியே குலுங்க ஆரம்பித்தார். அழுகிறார் என்று நினைத்து செலின் எழுந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். துலுக்கானம் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும், "கூட்டத்துல நீ பேசு. கண்டுபிடிச்சவ நீ" என்றார். "நான் பேசினா பாதியில சிரிச்சுடுவேன். இல்லன்னா அழுதுடுவேன்."

செலின் அதுவரை மேடை ஏறியது கோயில் திருவிழாப் பாட்டுப் போட்டிக்கு மட்டும்தான். கஞ்சி போட்ட புடவையோடு போய் நின்று, மைக் முன்னால் தொண்டையைச் செருமினாள்.

"உங்க கையில இருக்கற தலைப்பு தப்பு" என்று ஆரம்பித்தாள். "மூன்றின் விதின்னு ஒண்ணு இல்லை. லேத்துக்கு மூணு தாடை, அவ்வளவுதான். நாலு தாடையில கடைஞ்சா நாலு வருது."

அரங்கம் கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. செலின் காதுமடல்வரை சிவந்து நின்றாள். கீழே வந்துவிடலாமா என்று படிக்கட்டைப் பார்த்தபோது, பின்வரிசையில் ஒல்லியாக ஒருவர் எழுந்தார். பூந்தமல்லியிலிருந்து வந்த அருள்தாஸ். ஒரு பாலிடெக்னிக்கில் வாத்தியார்.

"ஒரு சந்தேகம்" என்றார் அவர். "அச்சுல இருந்த கோணல் தலைமுடி அகலம்கூட இருக்காது. ஜெல்லியில அது விரல் நீளம் ஆகியிருக்கு. எவ்வளவு கோணல் வெச்சா எவ்வளவு விரல் வரும்னு அளந்தீங்களா? இதுவரைக்கும் தற்செயலா வெச்சீங்க. இனிமே வேணும்னே வெச்சா என்ன?"

சிரிப்பு நின்றது. முன்வரிசைப் பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். செலினுக்கு வார்த்தை தானாக வந்தது. பாதி அளந்திருந்தாள், அந்தப் பாதியைச் சொன்னாள். கூட்டத் தலைவர் மணி அடித்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. பரந்தாமனைச் சமாதானப்படுத்தி, அச்சின் உட்பக்கம் வேண்டுமென்றே மெல்லிய வரிகள் கீறச் சொன்னார்கள். "ஒழுங்கா செஞ்சா கொற சொல்றீங்கோ, கோணலா செய்ய காசு குடுக்கறீங்கோ" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். வரி கொஞ்சமாக இருந்தால் விரல்கள் தடியாக, நிதானமாக நடுவரைக்கும் போயின. வரி நிறைய, நெருக்கமாக இருந்தால் சிறு சிறு விரல்கள் சடாரென்று வளர்ந்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, உடைந்து, கடைசியில் சிவப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ரோஸ் நிறத்தில் ஒரு குழம்பல். எந்த இடத்தில் விரல் முடிந்து குழம்பல் ஆரம்பிக்கிறது என்பதைப் பிடிக்கத்தான் செலின் மூன்று வருடம் சைக்கிள் மிதித்தாள்.

ஞானம்மாளுக்குத் திரித்துவம் போனதில் வருத்தம்தான். ஆனால் நான்கு என்றதும், "நாலு சுவிசேஷம்" என்று தேற்றிக்கொண்டார். பன்னிரண்டு வரி போட்டபோது, "அப்போஸ்தலர்மார்" என்றார் உடனே. அடுத்தது இருபத்து மூன்று என்று செலின் சொன்னாள். அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அதைச் சாமியாரைக் கேட்டுத்தான் சொல்லணும்."

அருள்தாஸ் 'சந்தேகம் கேட்க' பூந்தமல்லியிலிருந்து அடிக்கடி பஸ் ஏறி வந்தார். சந்தேகங்கள் வரவரச் சின்னதாகிக்கொண்டே வந்தன. ஒருநாள் அவர் கேட்ட சந்தேகம், குழாயை அலுமினியம் என்பதா அலுமினியக் குழாய் என்பதா என்று. துலுக்கானம் செலினைத் தனியே கூப்பிட்டு, "அவரு ஜெல்லிக்காவ வர்ல செலினம்மா" என்று விளக்கினார். அது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. எழுபத்தாறில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் வீட்டார் காபியை முழுக்கக் குடித்தார்கள்.

அதற்கடுத்த வருடம் கம்பெனிக்கு இடம் போதாமல் கொட்டகையைக் கிடங்காக்கினார்கள். உலகநாதன் வடக்கே ஒரு ஆய்வுக்கூடத்துக்குப் போனார். போகும்போது மண்பானையை மட்டும் ஞாபகமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். துலுக்கானம் முன்பக்கக் கட்டடத்துக்கு மாறினார். அங்கே யாரும் அவரைக் கத்த விடவில்லை என்பது அவருடைய நிரந்தரக் குறை. செலின் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கப் போனாள். தவறான பதில் எழுதிய பெண்ணைத் திட்டாமல், அந்தப் பதில் எப்படி வந்தது என்று வகுப்பு நேரம் முழுக்கத் துருவுவாள். திட்டிவிட்டாலே தேவலை என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

கொட்டகையில் இருந்த மூவர் பெயரும் போட்ட கட்டுரை ஒரு சிறிய பத்திரிகையில் வெளிவந்தது. துலுக்கானம் பெயர் கடைசியில், நன்றியில். அதில் பன்னிரண்டு விரல் ஜெல்லியின் கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. ஞானம்மாள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, கண்ணாடி போட்டுக் கள்ளிக்குப்பம் வீட்டு முன்னறையில் மாட்டினார். வருகிறவர்களில் பாதிப் பேர் அதை எக்ஸ்ரே என்று நினைத்து, யாருக்கு உடம்பு சரியில்லை என்று அக்கறையாக விசாரிப்பார்கள்.

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்பார் ஞானம்மாள். "அது என் பொண்ணு செஞ்சது. உக்காருங்க, காபி போடுறேன்."